தூரத்தில் நின்ற அக்கா

இஸ்ரேலில் ஹைஃபா நகரத் தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஹெத்வாவுக்கு வயது நாற்பத்து நான்கு. பெற்ற தாயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க முப்பது வருடமாக அவளுக்கு வாய் வரவில்லை.

யூதர்களின் யோம் கிப்பூர் நோன்புக்கு முந்தின மாலையில், போலந்தில் நாஜிகள் கையில் செத்துப்போன தன் வீட்டாருக்காக அவள் அம்மா ஃப்ரூமா ஐந்து மெழுகுவர்த்தி ஏற்றுவாள். நான்குக்குப் பெயர் சொல்வாள். ஐந்தாவதற்கு மட்டும் வாயில் கொழுக்கட்டை. ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி, "அது குழந்தைக்கு" என்று உளறிவிட்டாள். போர்க்காலத்தில் அம்மாவுக்குப் பதினேழு வயது. தனக்கு முன்னால் ஒன்றைப் பெற்று எங்கேயோ போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று ஹெத்வா அன்றே முடிவு கட்டிவிட்டாள். பிறகு அம்மா தலைவாரிவிட வந்தாலும் அவளுக்கு உடம்பு கூசியது. வீட்டில் யாரோ ஒரு பிள்ளை கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்துகொண்டே இருந்தது.

அந்த வயிற்றெரிச்சலோடுதான் நாடகக் குழுவில் சேர்ந்தாள். குண்டு விழுந்தால் பதுங்கும் நிலவறையில் ஒத்திகை. குழுவை நடத்தும் நீரா, யூத வேத வசனம் ஒன்றைக் கையில் கொடுத்து, அதில் எழுதாமல் விட்டதை நடிக்கச் சொல்வாள். ஹெத்வாவுக்குக் கிடைத்தவள், பச்சைப் பிள்ளை மோசேயைக் கூடையில் வைத்து நதிக்கரை நாணலில் விட்ட தாய்.

"அவமேல உனக்கு என்னடி அவ்வளவு கோவம்?" என்றாள் நீரா.

"பெத்ததப் போட்டுட்டுப் போனவளக் கொஞ்சச் சொல்றியா?"

"எகிப்து ராஜாவோட ஆளுங்க ஆம்பளப் பிள்ளைய எல்லாம் கொன்னுட்டிருக்காங்க. வேற என்ன செய்வா?"

"அத அவளே சொல்லட்டும்."

முதல் நாள் நாடகத்துக்கு அம்மாவை வற்புறுத்தி அழைத்து வந்தாள்.

"உக்கார நாற்காலியாவது போடுவாங்களா? உன் கூத்தப் பாக்க நின்னா என் முட்டி போயிடும்," என்று முனகிக்கொண்டே வந்து ஃப்ரூமா முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

ஹெத்வா கூடையைக் கீழே வைத்தாள். எழுதி வைத்திருந்த வசனத்தை விட்டுவிட்டு அம்மாவை நேருக்கு நேர் பார்த்தாள்.

"எப்படி மனசு வந்துச்சு உனக்கு?"

அம்மாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நல்ல வேளையாக அடுத்த நடிகை முன்னால் வந்து, குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று அதன் அக்கா தூரத்தில் நின்று பார்த்ததைச் சொன்னாள்.

ஃப்ரூமா எழுந்துவிட்டாள்.

"நான் நிக்கல."

நடிப்பாவது ஒன்றாவது, ஹெத்வா மேடையிலிருந்து இறங்கி ஓடினாள்.

"என்னம்மா சொல்ற?"

"எங்கம்மா என் தம்பிய ஒரு குடியானவன் வேலியோரமா வச்சா. 'யாராவது தூக்குற வரைக்கும் மரத்துக்குப் பின்னாடி நில்லு'ன்னு என்கிட்டச் சொன்னா. நாய் குரைச்சுது. ஓடிட்டேன். கேட்டப்போ, தூக்கிட்டாங்கன்னு அவகிட்டப் பொய் சொன்னேன்."

முப்பது வருடமாக யாரைப் போய் வெறுத்திருக்கிறோம் என்று ஹெத்வாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அம்மா மேடையைப் பார்த்தபடி அவள் கையைப் பிடித்தாள்.

"அந்தப் பொண்ணு நின்னதாலதானே பிள்ளை பொழைச்சுது?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட முடியாதா என்று ஹெத்வா தவித்தாள். ராஜகுமாரி தூக்கிய பிள்ளைக்கு, காவல் நின்ற அக்கா ஓடிப்போய்ப் பெற்ற தாயையே பால் கொடுக்க அழைத்துவந்த அந்தக் கதை அங்கே தெரியாதவர் யார்?

"ஆமாம்மா," என்றாள்.