காலிக் கட்டம்

அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'சந்தேகம்'. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டி முடித்து நாற்காலியைப் பின்னால் தள்ளும் நேரத்தில்தான் அவள் "ஒரு சந்தேகம்" என்று தொடங்குவாள். முதலில் கேலிக்கு வைத்த பெயர். நாளடைவில் அது 'சந்தேகம் அக்கா' ஆகி, கேலி உதிர்ந்து மரியாதை ஒட்டிக்கொண்டது.

ஒரு கைப்பேசி நிறுவனத்தின் சந்தாதாரர் தரவுப் பிரிவில் அவளுக்கு வேலை. இயந்திரங்களுக்காகக் குளிரூட்டிய அறை. மனிதர்களுக்கு அங்கே சால்வை வேண்டும். கோபுரங்களைப் பற்றி ஊரெல்லாம் பேசும், இந்த அறையைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது. ஆனால் கோபுரம் வெறும் வாசல்தான். கைப்பேசியை உயிர்ப்பித்ததும் அது அந்த வாசலில் வந்து நின்று, நான் இன்னார் என்கிறது. அந்தப் பகுதியின் இணைப்பகம் மையத் தரவுத்தளத்தைக் கேட்கிறது: இவர் நம்மவரா, சொல்வது உண்மையா, இவருக்கு என்னென்ன அனுமதி? ஒவ்வொருவருக்கும் அங்கே ஒரு பதிவு உண்டு. எண், சிம்மின் ரகசியச் சாவி, பேசலாமா, இணையம் உண்டா, கடைசியாக எந்தப் பகுதியில் இருந்தார். பதிவு 'இல்லை' என்றால், கோபுரத்தின் காலடியில் குடியிருந்தாலும் கைப்பேசி வெறும் டப்பா.

அந்த ஆண்டு பழைய தரவுத்தளத்தைக் கழற்றிவிட்டுப் புதியதற்கு மாறினார்கள். பதிவுகளைக் கூட்டங்கூட்டமாக இடம் மாற்றினார்கள். சோதனை நாளன்று பிரிவில் இருந்த எல்லோரும் தத்தம் கைப்பேசியை அணைத்துப் போட்டு, பேசிப் பார்த்து, படம் அனுப்பிப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்திட்டார்கள். சந்தேகமும் தன் கைப்பேசியில்தான் சோதித்தாள். கேக் வெட்டினார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா கணவர் குழாய் வேலை செய்பவர். கூப்பிட்டால்தான் வேலை, அதனால் போகும் இடமெல்லாம் தண்ணீர்த் தொட்டியிலும் மோட்டார் அறைக் கதவிலும் தன் எண்ணைப் பெயின்டில் எழுதிவிட்டு வருவார். கடை கிடையாது, பலகை கிடையாது. அந்த எண்தான் அவருடைய கடை.

ஞாயிறென்றால் சாப்பிடக்கூட வீடு தங்காத மனிதர் அன்று வீட்டில் உட்கார்ந்து, அடைப்பில்லாத தொட்டிக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேலையே வருவதில்லை என்று அக்கா சொன்னாள். போனில் சிக்னல் இல்லையாம். பழுது பார்க்கிறவர் போனைத் திறந்து மூடிக் கூலி வாங்கிக்கொண்டார். பிறகு வேறொரு பழைய போன் வாங்கி, அதில் இந்த சிம்மைப் போட்டார்கள். அதிலும் இல்லை. ரீசார்ஜ் கடைக்காரர், சிம் பழசாகிவிட்டது, எண்ணையே மாற்றிக்கொள் என்கிறார். மாடி வீட்டம்மா இன்னும் ஒரு படி மேலே போய், இலக்கங்களைக் கூட்டிப் பார்த்து, இந்த எண் இவருக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்.

"கூட்டிப் பார்த்தாங்களா? கழிச்சுப் பார்க்கலையா?" என்றாள் சந்தேகம். பிறகு அவரிடம், "ஏன் மாமா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"உன்கிட்டச் சொன்னா நீ கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லியே நான் போய்ச் சேர்ந்துருவேன்," என்றார் மாமா. நாளைக்குப் புது எண் வாங்கப் போவதாகச் சொன்னார். சொல்லும்போது குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் பயந்தபடியே கேள்விகள் வந்தன. எப்போதிலிருந்து? கடைசியாக எங்கே வேலை செய்தது? ஊரின் அந்தக் கோடிக்கு வேலைக்குப் போனதிலிருந்துதான் என்று தெரிந்தது. சிம் இரண்டு போனில் பார்த்தாகிவிட்டது, இரண்டிலும் இல்லை. அப்படியானால் குற்றம் போனில் இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகையிலும் இல்லை. "மாமா, உங்க பதிவை நான் திறந்து பார்க்கவா?" என்று கேட்டாள். கேட்காமல் பார்ப்பது குற்றம், சொந்தக்காரராக இருந்தாலும். அவர் சரி என்றதும், ஒரு நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை பார்த்தாள். பதிவு உயிரோடுதான் இருந்தது. அனுமதி என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

பழைய தரவுத்தளத்தில் காலிக் கட்டத்துக்குத் தடையில்லை என்று பொருள். புதியதில் காலி என்றால் அனுமதி இல்லை. இரண்டும் அதனதன் அளவில் நியாயம். இடம் மாற்றியவர்கள்தான் இடையில் நின்று யோசிக்கவில்லை. யாருடைய கட்டம் காலியாக இருந்தது? திட்டம் மாற்றியவர்கள், இணையம் சேர்த்தவர்கள், வெளிநாடு போனவர்கள் ஆகியோரின் பதிவுகளில் ஒவ்வொரு முறையும் யாராவது கைவைத்து, கட்டங்களை நிரப்பியிருந்தார்கள். பேசுவதற்கு மட்டும் அன்று வாங்கிய சிம்மை அப்படியே வைத்திருப்பவர்களின் பதிவை ஒருவரும் தொட்டதில்லை. துப்புரவு செய்கிறவர்கள், ஓட்டுநர்கள், சுமை தூக்குகிறவர்கள், குழாய்க்காரர்கள். சோதித்த பொறியாளர்களில் ஒருவரிடமும் அப்படியொரு சிம் இல்லை.

எல்லோருக்கும் ஒரே நாளில் சிக்னல் போயிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். ஒருவர் தன் பகுதிக்குள்ளேயே இருக்கும்வரை அங்குள்ள இணைப்பகம் அவருடைய பழைய பதிவின் நகலை வைத்துக்கொண்டு சமாளிக்கும். பகுதி தாண்டினால், அல்லது போனை அணைத்துப் போட்டால், மையத்தைப் புதிதாகக் கேட்கும். மையம் கையை விரிக்கும். ஆக, வேலை தேடி ஊரைக் கடக்கிறவனும், மின்கலம் தீராமலிருக்க இரவில் அணைத்து வைக்கிறவளும் ஒவ்வொருவராக, சத்தமில்லாமல் வெளியே விழுந்துகொண்டிருந்தார்கள்.

மேலாளர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். புதிய தரவுத்தளத்துக்குப் பதிவின் எண்ணிக்கையைப் பொறுத்து உரிமக் கட்டணம். அதனால் ஒரு மாதமாக வலையமைப்பில் தலைகாட்டாத எண்களை வெள்ளிக்கிழமை நீக்கிவிட்டு, புதியவர்களுக்கு விற்க அனுப்ப முடிவாகியிருந்தது. அந்தப் பட்டியலில் மாமாவின் எண்ணும் இருந்தது.

அவள் அவர் அறைக்குப் போய் நிறுத்தச் சொன்னாள். அவர் புள்ளிவிவரத்தைத் திருப்பிக் காட்டினார். இடமாற்றத்துக்குப் பிறகு புகார்கள் கூடவில்லை. இன்னும் சொல்லப்போனால் குறைந்திருக்கின்றன.

"புகார் சொல்றதுக்குப் போன் பண்ணணும் சார்," என்றாள் சந்தேகம். "அவங்க போனைத்தான் நாம நிறுத்தி வச்சிருக்கோம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பழைய போன்களாக இருக்கும், ஊரைவிட்டுப் போனவர்களாக இருக்கும் என்று இரண்டு மூன்று வழி தேடினார். அவள் மறுப்புப் பதிவுகளைத் திறந்தாள். ஒரு கைப்பேசி வாசலுக்கு வந்து திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு முறையும் இணைப்பகம் காரணத்தோடு குறித்து வைக்கிறது. நீக்கவிருந்த எண்களில் பெரும்பகுதி அந்தக் குறிப்புகளில் இருந்தன. ஊரைவிட்டுப் போனவர்கள் இல்லை. வந்து கேட்டு, இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள்.

ஒருவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, பிறகு வருகைப் பதிவு எடுத்து, ஆள் வரவில்லை என்று பெயரை அடிப்பது. இதற்குப் புதிய தரவுத்தளம் எதுவும் வேண்டியதில்லை. பள்ளிகளிலும் பங்கீட்டு வரிசைகளிலும் வாக்காளர் பட்டியல்களிலும் மனிதர்கள் நெடுங்காலமாகக் கையாலேயே செய்துவருவதுதான். இயந்திரம் அதை வேகமாகவும் முகம் பார்க்காமலும் செய்கிறது. கேட்டால் 'சிஸ்டம் அப்படி' என்கிறார்கள், ஏதோ அது வானத்திலிருந்து விழுந்ததுபோல.

வெள்ளிக்கிழமை நீக்கம் ஒரு மாதம் தள்ளிப்போனது. கட்டங்களை நிரப்புவது அரை நாள் வேலை. ஆனால் அதோடு முடியவில்லை. 'நீ எங்களவன் இல்லை' என்று ஒருமுறை கேட்ட கைப்பேசி மறுபடி கேட்காது. அணைத்துப் போட்டால்தான் கேட்கும். பதிவு சரியாகிவிட்டதை அவர்களுக்கு யார் சொல்வது? குறுஞ்செய்தி போய்ச் சேராது. செய்தித்தாளில் ஓர் அறிவிப்பு போடச் சொன்னாள். தவறு செய்தோம் என்று நாமே ஊருக்குச் சொல்வதா என்று மேலிடம் மறுத்துவிட்டது.

சிக்னல் இல்லாதவர் எங்கே போவார்? ரீசார்ஜ் கடைக்குத்தான் போவார். புதன்கிழமை மதியம், யாரையும் கேட்காமல், எல்லாக் கடைக்காரர்களுக்கும் அவள் தன் பெயரிலேயே செய்தி அனுப்பினாள்: சிக்னல் இல்லை என்று வருகிறவர்களுக்குப் புது சிம் விற்கவேண்டாம், போனை அணைத்துப் போடச் சொல்லுங்கள், தவறு எங்களுடையது. புது சிம் விற்றால் கமிஷன் உண்டு என்பதால் சில கடைக்காரர்கள் அதைப் படித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. பலர் சொன்னார்கள். வலையமைப்புக்குத் திரும்பிய எண்களின் கணக்கு மாலைக்குள் ஏறத் தொடங்கியது.

மறுநாள் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. "அந்தக் கடைசி ரெண்டு வார்த்தை எதுக்குங்க?" என்று மேலாளர் உண்மையான வருத்தத்தோடு கேட்டார். உண்மை என்பதால் எழுதியதாக அவள் விளக்கத்தில் எழுதினாள். அந்த ஆண்டு ஊதிய உயர்வு வரவில்லை.

மாமாவுக்கு மட்டும் நேரில் போய்ச் சொன்னாள். திங்கள் மாலை புது எண் வாங்கக் கடைவரை போனவர், வாங்காமல் திரும்பியிருந்தார். புது எண்ணை எழுத எத்தனை தொட்டி ஏறவேண்டும் என்று கணக்குப் பார்த்தாராம். போனை அணைத்தார். எவ்வளவு நேரம் பொறுக்கவேண்டும் என்று கேட்டார். இப்போதே போடலாம் என்றாள். போட்டார். ஓரத்தில் கோடுகள் ஏறின.

கொஞ்ச நேரத்தில் மணியடித்தது. மாமா காதில் வைத்தார். எதிர்முனையில் ஓர் அம்மா போட்ட சத்தம் அடுக்களைவரை கேட்டது: "எத்தனை வாட்டிப்பா கூப்பிடுறது? இருக்கியா, போயிட்டியா? வேற ஆளைக் கூப்பிட்டு, அவன் வேற உள்ளதையும் உடைச்சு வச்சிருக்கான்."

"இருக்கேம்மா," என்றார் மாமா. "எந்தக் குழாய்? மேல வர்றதா, கீழ போறதா?"

கேட்டுக்கொண்டே பைக்குள் ஸ்பானரைத் தேடினார். அக்கா தட்டு வைத்திருப்பதாகச் சொன்னாள். வந்து சாப்பிடுகிறேன் என்று கையால் காட்டிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.