நான் ஐட்லிங் வைத்த வண்டி

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே நான் ஒரு மோட்டார் சைக்கிளை ட்யூன் செய்திருக்கிறேன். என் பிள்ளைகள் இதை நம்புவதில்லை. ஆனால் எங்கள் மீனவர் ஊரான குருசுக்குப்பத்தில் அன்று வேடிக்கை பார்க்க நின்றவர்களில் பாதிப் பேர் இன்னும் இருக்கிறார்கள்.

அப்பா படகில் இன்ஜின் ஓட்டுபவர். காலையில் கரை திரும்பியதும் அம்மாவையும் மீன் கூடையையும் பைக்கில் ஏற்றி, நகரத்துக்குள் இருக்கும் கதிர்காமத்தில் விற்கக் கொண்டுபோய் விடுவார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டிதான். அந்தக் கோடையில் அதற்கு ஒரு வியாதி வந்தது. ஆக்ஸிலேட்டரை விட்டால் ஐட்லிங் நிற்காமல் உடனே அணைந்துவிடும். ஒவ்வொரு சிக்னலிலும் அப்பா உதைப்பார், பின்னால் இருப்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள், அம்மா கூடையோடு இறங்கி நிற்பாள். ஒருநாள் அப்படி இறங்கும்போது கூடை சரிந்து சங்கரா மீன் முழுக்க நடுரோட்டில் கொட்டிவிட்டது.

"இந்தச் சனியன வந்த வெலைக்குத் தள்ளிடு. நான் ஷேர் ஆட்டோல போய்க்கறேன்" என்றாள் அம்மா.

மீன் கூடையை எந்த ஷேர் ஆட்டோவிலும் ஏற்ற மாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. ஒரு வாரம் கெடு வைத்தாள்.

அப்பா படகு மெக்கானிக்கிடம் விஷயத்தைக் கேட்டு, மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் வண்டியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றினார். அடுப்புக்கரி மாதிரி இருந்தது. உப்புத்தாள் கொடுத்து என்னைத் தேய்க்கச் சொன்னார். பளபளக்கும்வரை தேய்த்தேன். பிறகு இன்ஜினைச் சூடேற்றி, கார்புரேட்டரில் இரண்டு திருகுகளைக் காட்டினார். ஒன்று வேகத்துக்கு, மற்றது காற்றுக்கு. காற்றுத் திருகை மெல்ல முழுதாக உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுக்க வேண்டும். அதற்கப்புறம் சத்தத்தைக் கேட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

மூன்று முறை செய்தார். மூன்று முறையும் வண்டி அணைந்தது. மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அப்பா மறுபடி உதைத்துக் கிளப்பி, ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். "நீ திருகு. சத்தம் எங்க தூக்கலா, சீரா வருதோ அங்க நிறுத்து."

"நீயே பண்ணேம்பா."

"நான் பாத்துக்கினு இருக்கேன். நீ கேட்டுச் சொல்லு."

எனக்குப் பரீட்சை வைக்கிறார் என்று புரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டு மாமா, "பொட்டப்புள்ள கையில குடுத்தியா, உருப்பட்டாப்லதான்" என்று சிரித்தார்.

உள்ளே திருகினேன், வண்டி இருமியது. வெளியே எடுத்தேன், தடுமாறிப் பட்பட்டென்று வெடித்தது. இரண்டுக்கும் நடுவே, கால் சுற்றுக்கும் குறைவான ஓர் இடத்தில், வகுப்பு முழுவதும் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்வதுபோல் சத்தம் ஒன்றுசேர்ந்தது. அங்கே நிறுத்தினேன். வேகத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். அணையவில்லை. டக்டக்கென்று நின்ற இடத்தில் நிதானமாக ஓடியது.

அப்பா டேங்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தார். வண்டியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். "சரியா?"

"சரிப்பா."

மறுநாள் அம்மா வந்ததும், "ஒரு எடத்துலயும் ஆஃப் ஆவலடி" என்றாள். அன்று வஞ்சிரத்தின் பெரிய துண்டு என் தட்டுக்கு வந்தது. அப்பாவுக்கு வால்.

அதன்பின் வண்டியின் ஐட்லிங் என் பொறுப்பானது. சிரித்த மாமாவே தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். 'மெக்கானிக் பாப்பா' என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். நான் தலைகால் புரியாமல் திரிந்தேன். அப்பா மட்டும் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் கற்றுக்கொள்ளவில்லை. பாவம், மண்டையில் ஏறவில்லை என்று பள்ளித் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன்.

கல்லூரியில் படிக்கும்போது, காதுவலி என்று அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். சோதித்துப் பார்த்த டாக்டர், "காது எவ்ளோ நாளா கேக்கல?" என்றார்.

"இவ அஞ்சாவது படிக்கறப்பவே பாதி போயிடுச்சி டாக்டர். போட் இன்ஜின் சத்தம்" என்றாள் அம்மா.

கடலோரத்தில் எல்லாருமே கத்தித்தான் பேசுவோம். எனக்கு அது தெரியவே இல்லை. அப்பா என் பக்கம் திரும்பி, "என்னா சொல்றாரு?" என்றார்.

அவர் எனக்குப் பரீட்சை வைத்தார் என்றே அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.