உமா எடுத்த ஐநூத்திப் பன்னிரண்டு

என் தங்கச்சி உமாதேவிக்குப் பிடிவாதம் கூடவே பிறந்தது. தீப்பெட்டிக் கம்பெனி ஆபீஸ்ல பாத்த வேலைய விட்டுட்டு, கோவில்பட்டியில மாமியா வீட்டு முன்னறையில கம்ப்யூட்டர் கேம் சென்டர் போட்டா. "ஏட்டி, உனக்குக் கூறு கெட்டுப்போச்சா?"ன்னு நான் கேக்காத நாளில்ல. காதுல வாங்கினாத்தான?

ரெண்டாயிரத்து ஒம்பதுல பஸ் ஸ்டாண்டு பக்கம் இன்னொரு சென்டர் வந்துச்சு. பாலிடெக்னிக் பயலுவ மொத்தமா அங்கன சாஞ்சிட்டானுவ. விடுவாளா இவ? இருபத்திரெண்டு இஞ்சுல அகல மானிட்டர் ஒண்ணு வாங்கி வச்சா. பாக்க அம்சமாத்தான் இருந்துச்சு. ஆனா கார் ரேஸ் போட்டா, கார் நின்னு நின்னு போவுது. வந்த பயலுவ சிரிச்சிட்டுப் போயிட்டானுவ.

"மானிட்டர் மேல குத்தமில்லக்கா. இதுல புள்ளி ஜாஸ்தி. அம்புட்டையும் வரையப் பழைய கிராபிக்ஸ் கார்டுக்குத் தெம்பில்ல"ன்னா.

மாமியா மீனாட்சியம்மா கறாரா சொல்லிட்டாவ. "இந்த மாசம் பாப்பேன். விளையாட்டுக் கடைக்கு ஆளு வரலன்னா, முன்னறைய இசக்கியப்பனுக்குப் பண்டல் போட விட்டுருவேன்." இசக்கியப்பன் தீப்பெட்டி ஏவாரி. அறை போச்சுன்னா உமா மறுபடியும் கம்பெனி வாசல்லதான் போயி நிக்கணும்.

புதுக் கார்டு வாங்க மதுரைக்கு என்னையும் இழுத்துட்டுப் போனா. கடைக்காரர் ரெண்டு டப்பாவ எடுத்து வச்சாரு. ஒண்ணு ஒரு ஜிபி, இன்னொண்ணு அதுல பாதி, ஐநூத்திப் பன்னிரண்டு எம்பி. விலை ஒண்ணுதான். "ஒரு ஜிபியே எடுங்க, எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க"ன்னாரு.

"அதானே! ஒண்ணு பெருசா, அரை பெருசாட்டி?"ன்னேன்.

"அக்கா, சும்மா இரு. மெமரிங்கது சாமான் வைக்கிற இடந்தான். வேலை பாக்குத சிப்பு இந்த ஐநூத்திப் பன்னிரண்டுலதான் வேகம். நம்ம மானிட்டர் அளவுக்கு எது ஓடும்னு நெட்ல படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

கடைக்காரர் முன்னால என்னைய மட்டந்தட்டிட்டாளே! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. திரும்பி வரையில பஸ்ல அவ பக்கத்துல உக்காரல.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்க பக்கம் புதுச் சாமான் எது வந்தாலும், சைக்கிளோ கிரைண்டரோ, சந்தனம் குங்குமம் வைக்காம ஓட விடமாட்டோம். உமாவும் வச்சா. எங்கன வச்சா? கார்டுக்கு அடியில தங்க நிறத்துல பல்லு பல்லா மின்னுதே, பெட்டிக்குள்ள சொருகுத இடம், அங்கன! அதுதான் லட்சணமா இருந்துச்சாம். சொருகி சுவிட்சப் போட்டா, திரை கருப்பாவே கெடக்கு. வேடிக்கை பாக்க வந்த பயலுவ வாசல்ல நிக்கானுவ. மாமியா நடையில நிக்காவ.

உமா சுவிட்சத் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தா. "நீ சொன்னதக் கேட்டிருக்கணும்க்கா. தப்பா எடுத்துட்டேன் போல"ன்னு பொலபொலன்னு அழுதுட்டா.

அவ அழுததப் பாத்ததும் கோவமெல்லாம் போன இடம் தெரியல. "அழாதட்டி. கழத்து, பாப்போம்"னேன்.

கழத்துனா, பல்லு பூரா சந்தனம் அப்பிக் கெடக்கு.

"அடி கூறுகெட்டவளே! குத்துவிளக்குன்னு நெனச்சியா? இதுல எப்படிட்டி கரண்ட் போகும்?"

அழுகைக்கு நடுவுலயே சிரிச்சிட்டா. பென்சில் அழிக்கிற ரப்பர வாங்கி ஒவ்வொரு பல்லாத் தேச்சா. சொருகுத இடத்தையும் பிரஷ் வச்சுத் தட்டுனா. திரும்ப சுவிட்சப் போட்டதும் படம் வந்துச்சு பாருங்க! பெரிய திரை முழுக்க ரோடும் வெயிலும். கார் எங்கயும் நிக்காம வழுக்கிட்டுப் போவுது. "அக்கா, அடுத்து நான், அடுத்து நான்"னு பயலுவ உள்ள பாஞ்சிட்டானுவ. உமா எடுத்ததுதான் சரி. நான் சொன்னத எடுத்திருந்தா தொலைஞ்சிருப்போம்.

மாசக் கடைசியில அறையக் கேட்டு இசக்கியப்பன் வந்தாரு. நானும் அன்னைக்கு அங்கனதான் இருந்தேன். வாசல்ல கெடந்த செருப்புகளத் தாண்டித்தான் அவரு உள்ள வர வேண்டியிருந்துச்சு. உமா மாமியாவத் திரும்பிப் பாத்தா.

மீனாட்சியம்மா முந்தானைய இழுத்துச் சொருகிட்டு முன்னால வந்தாவ.

"அண்ணாச்சி, நீங்க வேற இடம் பாத்துக்கோங்க. இங்கன எம் மருமவ தொழில் பண்ணுதா."