அத்தையின் தலை, ஒரு முழுச் சுற்று

கல்யாணமாகிக் கோயமுத்தூரில் கணபதிப் பகுதிக்கு வந்த ஹரிதாவுக்கு மாமியார் ராமாமணியைப் பற்றிப் பிறந்த வீட்டில் புகார் சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுதான் அவளுக்குச் சங்கடம். ராமாமணி அதட்ட மாட்டார், குத்திக்காட்ட மாட்டார். "சாப்புட்டியா அம்மணி" என்று கேட்பார். பதில் வந்ததும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தெலுங்கும் தமிழும் கலந்து கலகலவென்று பேச்சு நடக்கும் வீட்டில், தன்னிடம் மட்டும் வந்துபோகிற விருந்தாளியிடம் பேசுவது போலப் பேசுகிறார் என்று ஹரிதாவுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

காரணம் அவளுக்குத் தெரியும். கணவன் வம்சி கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தான். ராமாமணிக்கு வெள்ளகோவிலில் பங்காரு என்று ஓர் அண்ணன். அவர் மகள் பிரீத்திகாவைத்தான் வம்சிக்குக் கட்டுவதாகச் சின்ன வயதிலிருந்தே பேச்சு. கூடப் பிறந்த தங்கை மாதிரி வளர்ந்த பெண்ணைக் கட்ட முடியாது என்று வம்சி மறுத்துவிட்டான். அண்ணனிடம் கொடுத்த வாக்கு போயிற்று. கல்யாண மேடையில் தாய்மாமன் செய்ய வேண்டிய சீரை வேறொரு பங்காளி செய்தார். அன்றோடு அண்ணன் தங்கை இருவருக்கும் பேச்சு நின்றது. பங்காருவின் பெயரே அந்த வீட்டில் எழாது. யாரும் ஹரிதாவைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வீட்டுக்குள் தான் வந்த வழியாகத்தான் அவர் வெளியே போனார் என்பதை அவளால் மறக்க முடியவில்லை.

தொண்ணூற்றாறில் துடியலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவம் செய்யும் டிப்ளமோ வகுப்பு ஆரம்பித்தார்கள். ஹரிதா கணக்கில் பட்டம் வாங்கியவள். படமும் நன்றாக வரைவாள். வம்சியின் பம்புசெட் பட்டறைக்கு நாளைக்கு உதவும் என்று சொல்லித்தான் சேர்ந்தாள். உண்மையில் பகல் முழுக்க வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் சேர்ந்தாள். காந்திபுரத்தில் பஸ் மாறி, மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கி நடந்தால் வகுப்பு. குளுகுளு அறை, வாசலில் செருப்பைக் கழற்றிப் போட வேண்டும். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

பாடம் எடுத்தவர் யாஸ்மின். பெங்களூரில் விளம்பரப் படங்களுக்கு உருவம் செய்துகொண்டிருந்தவர். ஹரிதாவைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவர். முதல் நாளே வருஷக் கடைசியில் என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கிற ஒருவருடைய தலை. சி.டி.யில் வருகிற ஆயத்த முகம் எதையும் எடுத்து இழுத்து வளைத்துக் கொண்டுவரக் கூடாது. ஆளை நேரில் உட்காரவைத்து நாலு பக்கமும் வரைந்து, அளந்து, முதலில் களிமண்ணில் செய்து காட்ட வேண்டும். அது தேறினால்தான் கம்ப்யூட்டர். அதிலும் உருவத்தைக் கட்டும் வலைக்கோடுகள் குறைவாக இருக்க வேண்டும். தாடை எப்படித் திரும்புகிறதோ அப்படியே கோடும் திரும்ப வேண்டும். நிறம் கிடையாது, முடி கிடையாது, பொட்டு கிடையாது. வெறும் சாம்பல் நிற உருவம். கலர் பூசித் தப்பை மறைப்பது தன்னிடம் நடக்காது என்றார். அந்தத் தலை திரையில் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கடைசி நாளில் அந்த ஆளே வந்து, எல்லார் முன்னாலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் கூட்டாளிகளையும் டீக்கடைக்காரரையும் பிடித்தார்கள். ஹரிதா முதலில் வம்சியைத்தான் உட்காரவைத்தாள். அவன் ஐந்து நிமிஷத்தில் எழுந்து பட்டறைக்கு ஓடினான். மாமனாரோ உட்கார்ந்த இடத்தில் தூங்கினார். பகலில் வீட்டில் நிலையாக ஓரிடத்தில் இருக்கும் ஒரே ஆள் ராமாமணிதான். தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு அவர், மத்தியானம் வெங்காயம் உரிக்கிற நேரத்தில் வேண்டுமானால் பார்த்துக்கொள் என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பின்கட்டில் சின்ன வெங்காயத்தை மடியில் கொட்டிக்கொண்டு அவர் உட்காருவார். எதிரே முக்காலியில் இவள். பட்டறையிலிருந்து, இரும்புத் தண்டுகளை அளக்கும் வெர்னியர் காலிப்பர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். மூக்குக்கும் காதுக்கும் நடுவே அதை வைத்தபோது ராமாமணி அசையாமலே, "என்னைய பம்பு ஷாப்டுனு நெனச்சுப்போட்டயா அம்மணி" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரா என்று தெரியாமல் ஹரிதா சிரிக்கலாமா வேண்டாமா என்று விழித்தாள். அப்புறம் சிரித்துவிட்டாள்.

களிமண் தலையை இரண்டு வாரத்தில் முடித்தாள். அழகாக வந்திருந்தது. வகுப்பில் எல்லாரும் பார்த்துப் பாராட்டினார்கள். யாஸ்மின் மட்டும் அதைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, ராமாமணியின் போட்டோ இருந்தால் காட்டச் சொன்னார். காட்டினாள்.

"இது ஐம்பது வயசு அம்மா யாரோ ஒருத்தர். உங்க மாமியார் இல்லை," என்றார் யாஸ்மின். "மரியாதையாச் செஞ்சிருக்கீங்க ஹரிதா. பார்த்துச் செய்யலை."

அன்று பஸ்ஸில் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். அவர் சொன்னது சரிதான். ராமாமணியின் தாடை அகலம், கிட்டத்தட்ட ஆண்பிள்ளைத் தாடை. அதை இவள் குறுக்கியிருந்தாள். ஒரு புருவம் மேலே ஏறியிருக்கும்; சமமாக்கியிருந்தாள். கழுத்துச் சதையை வழித்திருந்தாள். கண்ணை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்க்கக் கூசி, அளந்த எண்களை வைத்து மீதியைத் தானே நிரப்பியிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அத்தையிடம் நடந்ததைச் சொன்னாள். களிமண்ணைப் பிசைந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், இந்தத் தடவை கொண்டையை அவிழ்த்துத் தலையைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கும் என்றாள். ராமாமணி வெங்காயத்தைக் கீழே வைத்தார். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

எண்ணெய் மினுங்கும் கூந்தலுக்குள் ஹரிதாவின் விரல்கள் போயின. மண்டை எங்கே மேடு, எங்கே சரிவு என்று தடவித் தடவிப் பார்த்து இன்னொரு கையால் மண்ணில் அழுத்தினாள். பின்னந்தலையில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. என்னவென்று கேட்டாள். கிணற்று மேட்டில் விழுந்தது, எட்டு வயசு இருக்கும் என்றார் ராமாமணி. அண்ணன்தான் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார், அவர் சட்டையெல்லாம் ரத்தம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அங்கேயே நிறுத்திக்கொண்டார். ஹரிதாவும் மேலே கேட்கவில்லை. ஆனால் கையை எடுக்கவும் இல்லை. அன்றைக்கு ராமாமணி வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு பேச்சு தானாக வந்தது. உடுமலைப்பேட்டையில் ஹரிதாவின் அம்மா எப்படிக் கொள்ளுப்பருப்பு கடைவார் என்று ராமாமணி கேட்டார். பட்டறை ஆரம்பித்த புதிதில் தானே லேத்து மெஷின் ஓட்டியதைச் சொன்னார். ஹரிதா அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே கேட்டாள். பார்ப்பதுதான் அவளுக்குப் பாடம் என்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வழியில்லை. இரண்டாவது களிமண் தலையைப் பார்த்து யாஸ்மின் தலையை மட்டும் ஆட்டினார். கம்ப்யூட்டருக்குப் போகலாம் என்று அர்த்தம்.

கம்ப்யூட்டர் வேலை மாசக்கணக்கில் இழுத்தது. காதுதான் உயிரை வாங்கியது. எத்தனை முறை செய்தாலும் அப்பளத்தை ஒட்டவைத்த மாதிரியே இருந்தது. ஒரு தடவை கரண்ட் போய், செய்த வாய் முழுக்கக் காணாமல் போயிற்று. தலை சுற்றுவதைப் படமாக்க ஒரு சனி ஞாயிறு முழுக்க மெஷின் ஓட வேண்டியிருந்தது.

ஏப்ரல் மாதம், கடைசி நாள். ராமாமணி கஞ்சி போட்ட கோயமுத்தூர்க் காட்டன் சேலையில் வந்து, செருப்பை வெளியே விட்டுவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் திரையில் தன் மூக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். அடுத்தது ஹரிதா.

திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு மொட்டைத் தலை வந்தது. கூந்தல் இல்லை, மூக்குத்தி இல்லை, பொட்டு இல்லை. சுமங்கலிப் பெண்ணை இப்படிப் பத்துப் பேர் முன்னால் காட்டுகிறோமே என்று ஹரிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ராமாமணியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தலை மெல்லத் திரும்பியது. பக்கவாட்டுக்கு வந்தபோது ராமாமணி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். தலை பின்புறம் காட்டி, மறுபக்கம் வந்து, சுற்று முடிந்து நின்றது.

"மறுக்கா ஒருக்கா சுத்தவிடு கண்ணு," என்றார்.

ஹரிதா மறுபடி ஓட்டினாள். பக்கவாட்டில் வந்ததும் ராமாமணி கையை நீட்டி, நிறுத்தச் சொன்னார்.

"இது நானில்லீங்க," என்றார் யாஸ்மினைப் பார்த்து. "இது எங்கண்ணன்."

உட்கார்ந்த ஆளே தன் உருவம் இல்லை என்று சொன்னால் மதிப்பெண் எங்கே வரும். யாஸ்மின் திரையையும் ராமாமணியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஒரு நிமிஷம் பக்கவாட்டில் திரும்பி நிற்க முடியுமா என்று பணிவாகக் கேட்டார். ராமாமணி திரும்பி நின்றார். நெற்றி, மூக்கு, அந்த அகலத் தாடை எல்லாம் அச்சாக ஒத்திருந்தன. யாரும் தன்னுடைய பக்கவாட்டைப் பார்த்துக்கொண்டு வாழ்வதில்லை. கண்ணாடியில் தெரிவது முன்பக்கம் மட்டும்தான். பங்காரு அண்ணனுக்கு முடி கொட்டிப் பல வருஷம் ஆயிற்று. கூந்தலையும் பொட்டையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் தங்கைக்கும் அண்ணனுக்கும் வித்தியாசமே இல்லை.

"நாந்தானுங்க," என்றார் ராமாமணி, கொஞ்சம் பொறுத்து. "எங்கண்ணனாட்டவே இருக்கறன். இத்தன நாளா எனக்கே தெரியில."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்தப் பக்கவாட்டுப் படத்தைக் காகிதத்தில் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவில் போகிறேன் என்றார். ஹரிதா, வம்சியைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றாள்.

"அவன் வேண்டாம். நீ வா."

கரூர் பஸ்ஸில் காங்கேயம் தாண்டிப் போய் இறங்கினார்கள். பங்காருவின் எண்ணெய் மில் ரோட்டோரத்திலேயே இருந்தது. களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். ஹரிதாவுக்கு அவர் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாசக்கணக்கில் அவள் செய்த அதே தலை வெயிலில் வேர்த்து நின்றது.

அவர் வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. உள்ளே நடந்தார். இவர்களும் போனார்கள். தண்ணீர் வந்தது. ராமாமணி அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினார். பங்காரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இத எப்ப எடுத்தீங்க? எனக்குத் தெரியாம?"

ராமாமணி சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அவருக்காக ஹரிதா விளக்கினாள். பங்காரு முதலில் நம்பவில்லை. பிறகு தங்கையைத் திரும்பி உட்காரச் சொல்லி, காகிதத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கடைசியில் ஹரிதாவிடம் திரும்பி, எல்லாம் சரி, காது மட்டும் சரியில்லை என்றார். அவளோடு அவர் பேசிய முதல் பேச்சு அது. யாஸ்மினும் காதுக்குத்தான் மார்க்கைக் குறைத்திருக்கிறார் என்று அவள் சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சாப்பிடாமல் போகக் கூடாது என்று உள்ளே குரல் கொடுத்தார். கிளம்பும்போது, சேலத்தில் கட்டிக்கொடுத்த பிரீத்திகாவுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு, எல்லாரும் வந்துவிட வேண்டும் என்றவர், "நீயுந்தான் அம்மணி" என்று தனியாக ஒருமுறை சொன்னார்.

வளைகாப்புக்குக் குடும்பத்தோடு வெள்ளகோவில் போனார்கள். ராமாமணிதான் முதல் வளையலைப் போட்டார். பிரீத்திகாவைப் பார்க்க ஹரிதாவுக்கு உள்ளூரக் கூச்சம்தான். பந்தியில் பிரீத்திகாவே அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். தேங்காய்ப்பால் பாயசம் பரிமாறிவிட்டுப் போனதும் குனிந்து ஹரிதாவின் காதோடு கேட்டாள்.

"லீவுக்கு இங்க வந்தா வம்சி கொறட்டையில எங்க ஊடே தூங்காது. இப்பவும் அப்பிடித்தானுங்களா அக்கா?"

அப்படியேதான் என்றாள் ஹரிதா. நான் தப்பித்தேன் என்றாள் பிரீத்திகா. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், எதிர்ப்பந்தியில் அண்ணனோடு உட்கார்ந்திருந்த ராமாமணி நிமிர்ந்து பார்த்து, பாயசத்தைச் சிந்தாமல் சாப்பிடச் சொல்லி அதட்டினார்.