டாக்டர் எழுதாமல் விட்ட ஹெல்தி

எங்க வூட்டுக்காரர் சிமெண்டு ஆலையில வேலை பாக்கறார். போன மாசம் ஷிப்டுல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். டாக்டர் லெட்டர் இல்லாம உள்ள விடமாட்டோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. வேலை கிடக்கட்டும், இந்த மனுஷன் நல்லபடியா இருந்தா போதும்னு இருந்துச்சு எனக்கு.

பெரம்பலூர்ல எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு. டாக்டருக்கு எண்பது வயசு இருக்கும். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும் போல! ஒரு கவரை நீட்டிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார். அரியலூர் பஸ்ல உக்காந்துதான் பிரிச்சோம். இங்கிலீஷ்ல ஒரே வரி. இவர் பேரு, அப்புறம் 'ஹேல்'. அவ்வளவுதான்.

தாளைத் திருப்பிப் பாத்தேன், பின்னாடி ஒன்னும் இல்ல. எங்களுக்குத் தெரிஞ்சது 'ஹேல் அண்ட் ஹெல்தி'. பள்ளிக்கூடத்துல லெட்டர் எழுத அப்படித்தான் பழக்கினாங்க. இவர் சவூதியில இருந்த நாலு வருஷமும் எல்லா லெட்டர்லயும் முதல் வரி அதுதான். அதைப் படிச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும். எப்பவும் ரெண்டும் சேர்ந்துல்ல வரும்? ஹெல்தியைக் காணோமே!

"அதை மட்டும் ஏன்டி வுட்டாரு?" இவர் முகம் வெளுத்துப் போச்சு. சட்டைப் பையிலேர்ந்து பீரோ சாவியை எடுத்து என் கையில வச்சார். "மேல் தட்டுல இன்சூரன்ஸ் பத்திரம் இருக்கு. பாத்துக்க."

"வாயைக் கழுவுங்க!" பஸ்ஸுன்னும் பாக்காம கத்தினேன். கத்திட்டு அழுதேன்.

திருச்சியில இங்கிலீஷ் படிக்கிற மகளுக்குப் போன் போட்டேன். டிக்ஷனரியைப் பாத்துட்டுச் சிரிச்சா, கழுதை. "அம்மா, அது ரொம்பப் பழைய வார்த்தை. ஒரு குறையும் இல்லாம முழுசா இருக்கறதுன்னு அர்த்தம். ஹெல்த்துங்கறதே அதே வேர்லேர்ந்து வந்ததுதான். ஹேல்னு ஒன்னு போட்டாலே போதும். இப்ப பெரும்பாலும் வயசானவங்களைத்தான் அப்படிச் சொல்றாங்களாம்."

அப்பாடா! போன உசிரு திரும்பி வந்துச்சு. "முழுசா இருக்கீங்களாம்"னு இவர்கிட்ட சொன்னேன். வாய் சும்மா இருக்குமா? வயசு விஷயத்தையும் சேர்த்தே சொல்லிட்டேன்.

"யாருக்குடி வயசாயிடுச்சு? அம்பத்திரண்டெல்லாம் ஒரு வயசா? அந்தாளு எண்பதுல உக்காந்துக்கிட்டு என்னையக் கிழவன்னு எழுதறாரா?" பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. அரியலூர் வர்ற வரைக்கும் அடங்கல. கத்தட்டும்னு விட்டுட்டேன். அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருந்துச்சு.

ஸ்டாண்டுல இறங்கினதும் கையை நீட்டினார். "சாவியக் குடு."

அப்பத்தான் கையை விரிச்சேன். இறுக்கிப் பிடிச்சதுல உள்ளங்கையில சாவியோட பல்லு அப்படியே பதிஞ்சிருந்துச்சு. இவர் அதைப் பாத்தார். சாவியைப் பையில போட்டுக்கிட்டு, அந்தக் கையை வீடு வரைக்கும் விடவே இல்ல.