திங்கட்கிழமை மூச்சு

மருத்துவமனை வேலையை உதறிவிட்டு இந்த அறக்கட்டளைக்கு வந்தவள், படிப்படியாக அதன் மருத்துவ ஆய்வுப் பிரிவுக்கே தலைவி ஆனேன். கூடவே கொஞ்சம் தலைக்கனமும் ஏறியது, மறைப்பானேன்?

பல்லடம் பக்கம் நூல் மில் தொழிலாளர்களுக்காக நாங்கள் நடத்திய நெஞ்சுநோய் கிளினிக்கைத் தொடர்வதா, மூடுவதா என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மில்லில் எல்லோருடைய மூச்சையும் அளந்து பார்க்கத் தீர்மானித்தேன்.

முதலாளி மரியாதைக்குக் குறை வைக்கவில்லை. "வேலை நாள்ல மிசினை நிறுத்த முடியாதுங்க டாக்டர். லீவு நாளு, ஞாயித்துக்கெழம வாங்க. எல்லாருக்கும் பிரியாணியே போட்டர்றனுங்க" என்றார். எனக்கும் அது வசதியாகத்தான் பட்டது.

பிரியாணி வாசனைக்கு நடுவே வரிசையாக வந்து கருவியில் ஊதினார்கள். யாருக்கும் பெரிய குறை தெரியவில்லை. கிளினிக் தேவையில்லை என்று மனதுக்குள் அறிக்கையே எழுதி முடித்துவிட்டேன். கடைசியாக ஊதியவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த பெண், என் வயதுதான் இருக்கும். பஞ்சு பிரிக்கும் பகுதியில் வேலை. "நல்ல மூச்சும்மா" என்றேன். சிரித்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாருக்கும் நல்ல மூச்சுதான் டாக்டரம்மா. இன்னைக்குப் பஞ்சு பக்கம் போகலைல்லா? நாளைக்குச் சாயங்காலம் வந்து பாருங்க. நெஞ்சுல ஆளு ஏறி உக்காந்த மாதிரி இருக்கும்."

எனக்குச் சுரீரென்றது. ஓய்வு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் பஞ்சுத்தூசி நோய் நெஞ்சை இறுக்கும். புது டாக்டர்களுக்கு வருடா வருடம் நானே நடத்தும் பாடம் அது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, அந்தச் சுரைக்காய் நான்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அதைத் தன் நெஞ்சிலிருந்தே படித்து வைத்திருந்தார். வெட்கத்தைவிட அவர்மேல் வந்த பிரமிப்புதான் பெரிதாக இருந்தது.

முதலாளியிடம் மன்றாடி, மறுநாள் வேலைக்கு முன்னும் பின்னும் ஊத வைத்தேன். காலையில் துள்ளி ஏறிய கருவியின் முள், மாலையில் பாதி வழியிலேயே நின்றது. ஒருவர் இருவருக்கு அல்ல, பஞ்சு பிரிக்கும் பகுதியில் பலருக்கும் அப்படித்தான். அந்தப் பெண் சொன்னதில் ஒரு சொல்கூடப் பிசகவில்லை. கிளினிக்கை மூடக் கூடாது என்று அங்கேயே உட்கார்ந்து எழுதினேன்.

என் முகத்தைப் பார்த்து அவருக்குப் பாவமாகிவிட்டது. இருமலுக்கு நடுவே என்னைத் தேற்றினார்.

"வருத்தப்படாதீங்க டாக்டரம்மா. புதன்கிழமைக்குள்ள சரியாயிரும். வாராவாரம் வாரதுதானே."