தாம்பாளங்களுக்கு அடியில் பியானோ

என் சின்ன மாமா உருப்படாமல் போனவர் என்று சொந்தத்தில் இன்னும் சொல்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியிலும் சொன்னார்கள். நான் பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். கப்பலிலும் அயல்தேசத்து நகரங்களிலும் ஆயுள் முழுக்க லத்தீன் ஜாஸ் பியானோ வாசித்து, அதிலேயே சோறு தின்று, அதிலேயே கிழவனாகிச் செத்தவர் உருப்படவில்லையாம். மூன்று போர்வெல் போட்டும் தண்ணீரைக் கண்ணால் பார்க்காத இவர்கள் உருப்பட்டவர்களாம்.

மாமா சேலத்தில் பாதிரிமார் பள்ளியில் படிக்கும்போது பியானோ பழகினார். பிறகு பம்பாய் ஹோட்டல், அங்கிருந்து பயணிகள் கப்பல். கப்பல் கியூபாவில் நின்ற நாட்களில் அந்த ஊர்த் தாளம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஒருமுறை விடுப்பில் மோகனூர்ப் பக்கத்துத் தம் ஊருக்கு வந்தவர், ஏற்காட்டில் பங்களாவைக் காலி செய்த ஒரு துரையிடம் பழைய பியானோவை வாங்கி லாரியில் கொண்டுவந்து இறக்கினார்.

அம்மாவைப் பெற்ற அப்புச்சிக்கு அது ஆகவில்லை. மகனுக்குக் கல்யாணம் செய்து, கரும்புக்காட்டை ஒப்படைத்து, கப்பலை மறக்கடிக்க வேண்டும் என்பது அவர் திட்டம். பெண்வீட்டார் வீடு பார்க்க வந்த அன்று பியானோவுக்கு ஜமுக்காளம் போர்த்தி, வெற்றிலையும் பழமும் வைத்த தாம்பாளங்களை அதன்மேல் வரிசையாக அடுக்கிவிட்டார். பார்க்கிறவர்களுக்கு அது ஒரு குட்டை பீரோ.

பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த எனக்கு, மாமா இரண்டு மரக்கட்டைகளைக் கொடுத்து ஒரு தாளம் பழக்கியிருந்தார். முதலில் மூன்று தட்டு, அப்புறம் இரண்டு. எதையாவது எண்ணிக்கொண்டே இருக்கிற பிள்ளை நான். எனக்கு அது பிடித்துப்போனது.

பெண்ணின் அப்பா காட்டைப் பற்றியும் கிணற்றைப் பற்றியும் கேட்டு முடித்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகமுங்க?" என்றார்.

"கப்பல்ல கணக்கெழுதிட்டு இருந்தானுங்க. இனிமே காடுதானுங்க" என்றார் அப்புச்சி.

"கணக்கு எழுதலைங்க. பியானோ வாசிக்கறனுங்க. இனிமேலும் அதேதானுங்க" என்றார் மாமா.

சொல்லிவிட்டுத் தாம்பாளங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். ஜமுக்காளத்தை உருவினார். என்னைப் பார்த்து, "சாமி, கட்டைய எடு. நான் எங்க போனாலும் நீ மாத்தாத" என்றார்.

நான் தட்டினேன். அவர் இடது கை ஒரு வழியில் போக, வலது கை என் தட்டுக்கு முன்னாலும் பின்னாலும் விழுந்துகொண்டிருந்தது. பாவம், மாமாவுக்குத் தாளம் தப்புகிறது என்று நினைத்து இன்னும் ஓங்கித் தட்டினேன். "நிறுத்துடா" என்றார் அப்புச்சி. நான் மாமாவைப் பார்த்தேன். அவர் நிறுத்தவில்லை, நானும் நிறுத்தவில்லை.

வாசிப்பு முடிந்ததும் பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "இதுக்கு ஆடறதுங்களா, அழுவறதுங்களா?"

"ஆடறதுக்குங்க."

"எங்க புள்ளைக்கு ஆடத் தெரியாதுங்க மாப்பிள்ளை."

"தெரிய வேண்டியதில்லீங்க. நான் கப்பலுக்குப் போயிருவனுங்க. அவங்க இந்தக் காட்டுல உக்காந்து எனக்காகக் காத்திருக்கவும் வேண்டாங்க."

வந்தவர்கள் வெற்றிலையைத் தொடாமல் போனார்கள்.

"அந்தப் பொட்டி இந்த ஊட்டுல இருக்கக்கூடாது" என்றார் அப்புச்சி.

"பொட்டி போனா நானும் போறனுங்க."

"போ."

மறுநாள் விடிந்ததும் லாரி வந்தது. கரும்பு வெட்டும் ஆட்களில் பலசாலிகளாகப் பார்த்து அப்புச்சியே கூட்டிவந்தார். மாமாவின் முகத்தை அவர் ஒரு தரமும் பார்க்கவில்லை. மாமாவும் குனியவில்லை, ஒரு வார்த்தை இறங்கிப் பேசவில்லை. ஆனால் ஆட்கள் பியானோவைத் தூக்கியதிலிருந்து அப்புச்சி கத்திக்கொண்டே இருந்தார்.

"மெதுவாடா. கதவு நெலவுல இடிச்சிராதீங்க. சாய்க்காதடா, சாய்க்காத."

லாரிப் பலகைமேல் தம் கட்டில் மெத்தையைக் கொண்டுவந்து விரிக்கச் சொன்னார். கயிறு கட்டியதை இழுத்துப் பார்த்து, அவிழ்த்து, தாமே மறுபடியும் கட்டினார். மாமாவையும் ஏற்றிக்கொண்டு லாரி மேட்டில் ஏறி மறையும்வரை வாசலிலேயே நின்றார்.

அப்புறம் கதவண்டை வந்து நிலைச்சட்டத்தைத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. அதை அப்புச்சியிடம் போய்ச் சொன்னேன், அவர் கவலை தீரட்டும் என்று.